தலைக்கு மேலே ஒரு சாண்

எங்கள் தெருவைப் பார்க்க வருகிறவர்களை நான் குறை சொல்லவில்லை. அவர்கள் வந்தால்தான் என் அடுப்பு எரியும். ஆனால் நடந்து வந்து பார்க்கட்டும் என்பதுதான் என் கட்சி. என் பெயர் ரோ; மரியாதைக்கு ரோ சான் என்பார்கள். யோகோஹாமா சைனாடவுனில் மூன்று தலைமுறையாகக் கஞ்சி காய்ச்சி விற்கிற குடும்பம். கிழக்கு வாசலுக்குப் பக்கத்தில், கொஞ்சம் அகலமான தெருவில் கடை. அந்த அகலத்தினால் வந்த வினை, மொட்டை மாடி பஸ் எங்கள் வழியாகப் போகிறது. நாளைக்கு ஆறு தடவை, முப்பது நாற்பது பேர் மேலேயிருந்து என் கஞ்சிப் பானைக்குள் எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். போகிற போக்கில் என் வழுக்கையையும் படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

அந்த பஸ்ஸின் மாடியில் மைக் பிடித்துப் பேசுகிற கைடுதான் கிகுயே நுமாசாவா. ஐம்பத்து நாலு வயது. நீலச் சீருடை, வெள்ளைக் கையுறை, காற்றில் பறக்காமலிருக்கத் தாடைக்குக் கீழே நாடா கட்டிய தொப்பி. தெருவில் நின்று கேட்டால் அந்தக் குரல் அவ்வளவு நிதானமாக இருக்கும். அதை நம்பி நானும் முதலில் ஏமாந்தேன். இந்த அறுபத்து மூன்று வயதில் அவரைப் போல ஒரு பயந்த மனுஷியை நான் பார்த்ததில்லை.

காலை ஏழரைக்குக் கடை திறந்ததும் வருவார். மூலை மேஜை. சின்னக் கிண்ணம் கஞ்சி. அதிலும் பாதிதான் இறங்கும். பயம் வயிற்றில்தான் முதலில் உட்காரும் என்பார்.

"ரோ சான், இன்னைக்குக் காத்து அடிக்குமா?"

"நான் கஞ்சிக் கடைக்காரன். வானிலை ஆபீஸ் அந்தப் பக்கம்."

"மரக்கிளை ஆடுதே."

"கிளைன்னா ஆடத்தான் செய்யும். கிளை ஆடாம மரம் நடந்து வந்தா சொல்லுங்க, ரெண்டு பேருமா ஓடலாம்."

சிரிப்பார். சிரித்துக்கொண்டே மறுபடியும் கிளையைப் பார்ப்பார்.

பிறவியிலேயே பயந்தவர் இல்லை. நீகாத்தா பக்கத்துக் கடலோர ஊர். பதினெட்டு வயதில் கைடு வேலைக்கு வந்தவர். அந்தக் காலத்தில் பஸ் கைடு என்றால் பாடவும் தெரிய வேண்டும். மலைப்பாதைகளில், பனியில், வெந்நீர் ஊற்று ஊர்களுக்குக் குடித்துவிட்டு வருகிற கம்பெனி ஆட்களையெல்லாம் சமாளித்து முப்பது வருஷம் ஓட்டியிருக்கிறார். அப்போதெல்லாம் தலைக்கு மேலே கூரை இருந்தது. ஆறு வருஷத்துக்கு முன் கம்பெனி கூரையில்லாத பஸ்ஸை வாங்கி, அனுபவசாலி என்று இவரைத் தூக்கி மேலே உட்கார வைத்தது. முதல் வசந்தத்திலேயே பூங்கா ஓரத்தில் ஒரு மரக்கிளை ஒரு பெண்ணின் கன்னத்தைக் கிழித்துவிட்டது. நாலு தையல். "கிளை வருது, தலையைக் குனிஞ்சுக்கோங்க" என்று சொல்ல வேண்டிய இடத்தில் இவர் ஒரு நொடி தாமதித்துவிட்டார். யாரும் இவரைக் குற்றம் சொல்லவில்லை. அந்த ஒரு நொடியை இவர்தான் இன்னும் விடவில்லை.

அந்த வேலையில் ஒரு சங்கடம் உண்டு. கைடு பயணிகளைப் பார்த்து உட்கார வேண்டும். முன்வரிசைக்கு எதிரே, பெல்ட் போட்டுக்கொண்டு, பஸ் போகிற திசைக்கு முதுகைக் காட்டி. அதனால் எதிரே வருகிற எதுவும் அவர் கண்ணில் படாது. எல்லாருக்கும் வருவது தெரியும், எச்சரிக்க வேண்டியவருக்கு மட்டும் தெரியாது. எந்தப் புண்ணியவான் யோசித்த ஏற்பாடோ. கிகுயே என்ன செய்தார் தெரியுமா? வழி முழுவதையும் தலைகீழாக மனப்பாடம் செய்துவிட்டார். விலாங்குமீன் கடைப் பலகை இடது பக்கம் நழுவிப் பின்னால் போனால், நாலு எண்ணுவதற்குள் சிக்னல் கம்பம். முத்திரை செதுக்குகிறவர் கடை போனால் கிளை. விடுமுறை நாளில், துணி காயப்போடுகிற நீள மூங்கிலைத் தூக்கிக்கொண்டு பாதை முழுக்க நடந்து, ஒவ்வொரு கிளையின் உயரத்தையும் அளப்பார். ஒரு தடவை போலீஸ்காரர் நிறுத்தி விசாரித்தார். அதைச் சொல்லிச் சொல்லி ஒரு வாரம் நான் சிரித்தேன்.

டிரைவர் குவாபாராவும் சும்மா இருக்க மாட்டான். சின்ன வயசுக்காரன், கிண்டல்காரன்.

"அக்கா, கொக்கு பறந்தாக்கூட மைக்ல சொல்றாங்க, ரோ சான். 'மேல கொக்கு வருது, தலையைக் குனிஞ்சுக்கோங்க'ன்னு."

"ஒரு நாள் தாழப் பறக்கும். அப்ப தெரியும் உனக்கு" என்றார் கிகுயே. அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

போன சீனப் புத்தாண்டுக்கு எங்கள் தெருக்காரர்கள் ஓர் அலங்காரம் செய்தோம். தெருவுக்குக் குறுக்கே, இரண்டு கம்பங்களுக்கு நடுவில், இரும்புக் குழாய் ஒன்று; அதிலே சிவப்பு லாந்தர்கள். என் கடைக்கு இருபது அடி முன்னால். பஸ் போக வேண்டும் என்பதால் நடுவில் தொங்கிய லாந்தர்களைக் கழற்றிவிட்டு ஓரங்களில் மட்டும் விட்டோம். பஸ் கம்பெனிக்குக் கடிதம் எழுதினோம். அவர்கள் பதில் எழுதினார்கள். எல்லாரும் முத்திரை குத்தினோம். உட்கார்ந்திருக்கிற தலைக்கு மேலே ஒரு முழம் இடைவெளி என்று காகிதம் சொன்னது.

பிறகு பனி பெய்தது. ஈரப்பனி, இரண்டு நாள். மூன்றாம் நாள் காலை கிகுயே கடைக்குள் வரவேயில்லை. வெளியே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். கையில் மூங்கில்.

"ரோ சான், குழாய் இறங்கியிருக்கு."

"எங்க இறங்கியிருக்கு? நேத்து இருந்த மாதிரிதான் இருக்கு."

"அந்தப் பக்கத்துக் கம்பம் மண்ணுல உக்காந்திருக்கு. அளந்துட்டேன். உக்காந்த தலைக்கு மேல ஒரு சாண்தான்."

"ஒரு சாண் இருக்கில்ல? இடிக்கலைல்ல? உங்க கண்ணு பயத்தை வெச்சு அளக்குது. கஞ்சி ஆறுது, உள்ள வாங்க."

"நடுவுல லாந்தரும் இல்ல. மேகமும் குழாயும் ஒரே நிறம். யாராவது எழுந்து நின்னா குழாய் இருக்கிறதே கண்ணுக்குத் தெரியாது."

"யார் நிக்கப் போறாங்க? நீங்கதான் நிக்காதீங்க நிக்காதீங்கன்னு மூச்சுக்கு முப்பது தடவை சொல்றீங்களே."

தெருக்காரர்கள் சங்கத்துக்குச் சொல்லி மாலையில் தூக்கிக் கட்டச் சொல்கிறேன் என்று அவரை உட்கார வைத்தேன். அவரும் கம்பெனிக்கு போன் செய்தார். உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு இடிக்காது என்றால் காலை வண்டிகள் போகட்டும், மதியம் ஆள் அனுப்புகிறோம் என்றார்கள். அன்று அவர் ஒரு கரண்டி கஞ்சிகூடச் சாப்பிடவில்லை. போகும்போதும் வாசலில் நின்று குழாயை மறுபடி அண்ணாந்து பார்த்தார். எனக்கு எரிச்சல்தான் வந்தது. இவ்வளவு பயந்தால் எதற்கு இந்த வேலை என்று என் மனைவியிடம் சொன்னேன். "இன்னும் கொஞ்ச வருஷத்துல ஓய்வு பெறப் போறாங்க, விடுங்களேன்" என்றாள் அவள்.

பதினொரு மணி வண்டி வந்தது.

பக்கத்துத் தெருவில் சிங்க ஆட்டம் ஆரம்பித்துச் சரவெடி காது கிழிய வெடித்துக்கொண்டிருந்தது. சிக்னல் சிவப்பு. பஸ் என் கடைக்கு எண்பது அடி முன்னால், குழாய்க்கு அந்தப் பக்கம் நின்றது. நான் கரண்டியோடு வாசலில் நின்று, வழக்கம்போல எரிச்சலோடு மேலே பார்த்தேன். இடது ஓரம், நாலாவது வரிசையில் ஒரு முகம். இசோகாவா சான்.

துறைமுகத்தில் இழுவைப் படகு ஓட்டியவர். இருபத்திரண்டு வருஷம் என் கடையில் காலைக் கஞ்சி சாப்பிட்டவர். மனைவி இறந்த பிறகு மகன் வந்து நாகானோவுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டான். ஆறு வருஷமாயிற்று. எண்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். தனியாக வந்திருந்தார். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. வாடிக்கையாளரை, அதுவும் அப்பேர்ப்பட்டவரைப் பார்த்தால் நாங்கள் என்ன செய்வோம்? கரண்டியை வைத்துவிட்டு, கையைத் தொடையோடு சேர்த்து, நன்றாகக் குனிந்து வணங்கினேன்.

நிமிர்ந்தபோது சிக்னல் பச்சையாகியிருந்தது. எல்லாரும் உட்கார்ந்தாயிற்று என்று கிகுயே கையை நீட்டிக் காட்டிக் குரல் கொடுத்துவிட்டார். அது அவர்கள் முறை. அந்தக் குரலைக் கேட்டுத்தான் குவாபாரா வண்டியை எடுப்பான். வண்டி நகர்ந்த அதே நேரத்தில் இசோகாவா சான் எழுந்து நின்றார்.

ஏன் எழுந்தார் என்று எனக்குத் தெரியும். உட்கார்ந்தபடி வணக்கத்தைத் திருப்பித் தருவது மரியாதை இல்லை. இருபத்திரண்டு வருஷக் கஞ்சிக்காரன் தெருவில் நின்று குனிகிறான். மேலே நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு தலையாட்ட அவரால் முடியாது. கோட்டைச் சரிசெய்துகொண்டார். என்னைப் பார்த்துக் குனிந்தார். நிமிர்ந்தார். நிமிர்ந்து என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். கண் முழுக்க என் மேல்தான். அவர் தலைக்கும் எனக்கும் நடுவில் மேக நிறத்தில் அந்தக் குழாய் இருந்தது.

கத்தினேன். சரவெடியில் எனக்கே கேட்கவில்லை. கையைக் கீழே அமர்த்தி உட்காருங்கள் உட்காருங்கள் என்று காட்டினேன். அவர் அதை வேறு மாதிரிப் புரிந்துகொண்டு சந்தோஷமாகக் கையசைத்தார்.

கிகுயே மைக்கில் கத்தினார். அதுவரை அவர் கத்தி நான் கேட்டதில்லை. "ஐயா, உக்காருங்க. நாலாவது வரிசை ஐயா, தயவுசெஞ்சு உக்காருங்க." காற்றிரைச்சலுக்காக இசோகாவா சான் காதுக் கருவியைக் கழற்றிப் பையில் போட்டிருந்தார் என்பது பின்னால் தெரிந்தது. பக்கத்து இருக்கை காலி. பின்னால் இருந்த தம்பதி கொரியாவிலிருந்து வந்தவர்கள். அவர்கள் ஒன்றும் புரியாமல் கிகுயேவையே பார்த்தார்கள்.

கிகுயேவின் கைக்குப் பக்கத்தில் அவசர பொத்தான் இருந்தது. அமுக்கினால் குவாபாரா பிரேக்கைப் பிடிப்பான். எண்பது வயது மனிதர், முட்டியளவு கம்பிக்குப் பக்கத்தில் எதையும் பிடிக்காமல் நிற்கிறார். பிரேக் போட்டால் நேரே தெருவில்தான் விழுவார். கிகுயேவின் கை பொத்தானுக்குப் போனதை நான் பார்த்தேன். அப்படியே நின்றதையும் பார்த்தேன். முத்திரைக் கடை அவருடைய இடது பக்கமாக நழுவிப் பின்னால் போயிற்று. முதுகுக்குப் பின்னால் குழாய் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று, ஊரிலேயே பார்க்காமல் சொல்லக்கூடியவர் அவர் ஒருவர்தான். அந்த முகம் எனக்கு இன்னும் கனவில் வருகிறது. பேயறைந்த முகம் என்பார்களே, அது.

பிறகு அவர் பெல்ட்டைக் கழற்றினார். எழுந்தார். தானே நிற்கக் கூடாத இடத்தில், குழாய்க்கு முதுகைக் காட்டி, நடைவழியில் நேராக நின்றார். கையுறை போட்ட இரண்டு கையையும் முன்னால் சேர்த்துக்கொண்டு இசோகாவா சானைப் பார்த்து இடுப்பு மடங்கக் குனிந்தார். நான் வாசலில் செய்தது போன்ற வணக்கம் இல்லை. தொப்பி முழங்காலைத் தொடுகிற மாதிரி, ஆழமாக.

இசோகாவா சான் திரும்பினார். சீருடை போட்ட ஒரு பெண் தன் முன்னால் அப்படிக் குனிந்து நிற்பதைப் பார்த்தார். பதறிப்போய், அவரைவிடக் கீழே குனிந்தார். எதற்கு, ஏன் என்று யோசிக்க அவருக்கு நேரம் ஏது? எழுபது எண்பது வருஷமாக உடம்பு கற்றுக்கொண்ட பாடம், தலை தானாகக் கீழே போயிற்று. அவரைப் பார்த்து முன்வரிசையில் இரண்டு மூன்று பேர் உட்கார்ந்தபடியே குனிந்தார்கள். கொரியத் தம்பதியும் குனிந்தார்கள்.

குழாய் கிகுயேவின் முதுகுக்கு மேலே போயிற்று. இசோகாவா சானின் முதுகுக்கு மேலே போயிற்று. ஒரு சாண் இடைவெளி இருந்ததா, அதற்கும் குறைவா, நான் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டுவிட்டேன்.

திறந்தபோது பஸ் என் கடைக்கு நேரே ஊர்ந்துகொண்டிருந்தது. இரண்டு பேரும் இன்னும் குனிந்தபடியே இருந்தார்கள். கிகுயே நிமிரவில்லை. அவர் நிமிராமல் தான் எப்படி நிமிர்வது என்று பெரியவரும் நிமிரவில்லை. நான் பஸ்ஸோடு கூடவே ஓடினேன். சரவெடி ஓய்ந்திருந்தது.

"நுமாசாவா சான், குழாய் போயிடுச்சு. ரெண்டு பேரும் உக்காருங்க. போயிடுச்சு."

கிகுயே நிமிரவில்லை. அப்படியே மடிந்து நடைவழியில் உட்கார்ந்துவிட்டார். இசோகாவா சான் அவரைத் தாங்கப் போய்த் தானும் இருக்கையில் விழுந்தார். என்ன நடந்தது என்று அவருக்கு அப்போதும் தெரியவில்லை. "உங்களுக்கு உடம்பு சரியில்லையாம்மா?" என்று அவர் கேட்டது எனக்குக் கீழே கேட்டது.

மாலைக்குள் குழாய் கழற்றப்பட்டது. சங்கத்தில் எல்லாரும் கிகுயேவின் சமயோசிதத்தைப் பற்றியே பேசினார்கள். கத்தியும் பயனில்லை, பிரேக்கும் போட முடியாது, குனிந்தால் அவரும் குனிவார் என்று அந்த நொடியில் ஒருத்திக்குத் தோன்றியதே என்றார்கள். குவாபாரா கடைக்கு வந்து, இனிமேல் அக்காவைக் கிண்டல் செய்தால் என் வாயில் சூடு போடுங்கள் என்றான். கம்பெனி பாராட்டுப் பத்திரம் கொடுக்கப் போவதாகப் பேச்சு வந்தது. நானும் என் பங்குக்குப் புகழ் பாடினேன். எங்கள் கடைக்குத் தினம் வருகிறவர் என்று பெருமையடித்துக்கொண்டேன். நான் வணங்கியதனால்தான் பெரியவர் எழுந்தார் என்பதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் காலை ஏழரைக்கு வந்தார். மூலை மேஜை. நானே கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போனேன்.

"மன்னிச்சிடுங்க. நான் குனிஞ்சதாலதான் அவர் எழுந்தார்" என்றேன்.

"தெரியும். அவர் உங்க கடைப் பக்கம் பார்த்துக் குனிஞ்சப்பவே புரிஞ்சுபோச்சு."

"நீங்க இல்லன்னா அவர் இன்னைக்கு இல்ல. என்ன ஒரு புத்தி உங்களுக்கு. எனக்கு அந்த நேரத்துல கை கால் ஓடல."

கிகுயே கரண்டியைக் கிண்ணத்தில் விட்டுக் கலக்கிக்கொண்டேயிருந்தார்.

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க, ரோ சான். பத்திரம் வேற தரப் போறாங்களாம். எனக்கு அதை நினைச்சாலே பயமா இருக்கு. எனக்கு ஒரு புத்தியும் வேலை செய்யல."

"பின்ன எதுக்குக் குனிஞ்சீங்க?"

"முத்திரைக் கடை போயிடுச்சு. மூணு எண்ணினா குழாய். இனி ஒண்ணும் பண்ண முடியாதுன்னு தெரிஞ்சுபோச்சு. அவர் செத்துட்டார்னே முடிவு பண்ணிட்டேன்." கரண்டியைக் கீழே வைத்தார். "மன்னிப்புக் கேட்டேன். வேற என்ன செய்யறது? பெல்ட் போட்டு உக்காந்துக்கிட்டு அதைக் கேக்கக் கூடாதில்ல, அதான் எழுந்தேன். எனக்கும் தலை போகும்னு தோணவே இல்ல. அவர் குனிஞ்சதையும் நான் பார்க்கல. நீங்க போயிடுச்சுன்னு கத்தினப்ப, அவர் உசிரு போயிடுச்சுன்னு சொல்றீங்கன்னுதான் நினைச்சேன். அதான் நிமிர முடியல."

எதிரே உட்கார்ந்தேன். கடையில் கூட்டம் வந்தது, என் மனைவி இரண்டு தடவை கூப்பிட்டாள், நான் எழுந்திருக்கவில்லை. கிகுயே பாதிக் கஞ்சியைச் சாப்பிட்டுவிட்டு, கையுறையைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார்.

பத்து மணிக்கு முதல் வண்டி வந்து சிக்னலில் நின்றது. மைக்கில் அதே நிதானமான குரல், எல்லாரும் உட்கார்ந்தே இருங்கள் என்றது. நான் வாசலிலிருந்து உள்ளே போய், அடுப்பைப் பார்த்து, தெருவுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டேன். மேலே எனக்குத் தெரிந்தவர் யாராவது இருந்து, என்னைப் பார்த்து எழுந்துவிட்டால்? வண்டி போய்விட்டது என்று என் மனைவி சொல்கிற வரைக்கும் நான் திரும்பவில்லை.